கத்தோலிக்க நூலகத்துக்கு நிதி திரட்டப் போகிறீர்களா? வேலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

கோவில் கோபுரத்துக்கு என்று கேட்டால் யோசிக்காமல் ஆயிரம் ரூபாய் எடுத்துத் தருகிறவர், விவிலிய விளக்கவுரை வாங்க என்று கேட்டால் “யாருங்க படிக்கப் போறாங்க?” என்பார். இதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய சிக்கல் இது இல்லை. மக்கள் தருவார்கள். தந்த பணத்தை எந்தப் பெயரில், எந்தக் கணக்கில், எந்தச் சட்டத்தின் கீழ் வாங்கி வைப்பது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் அலைந்ததில் பெரும்பகுதி இதற்காகத்தான்.

இறையியல், திருவழிபாடு, திருச்சபை வரலாறு, மறைக்கல்வி என்று குறிப்பிட்ட துறை நூல்களை மட்டும் வைத்திருக்கும் சிறிய நூலகங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பங்கில் இருக்கலாம், துறவற இல்லத்தில் இருக்கலாம், மேய்ப்புப்பணி மையத்தில் இருக்கலாம். உபதேசியார்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் அருட்சகோதரிகளும் விடுமுறைக்கு ஊர் வரும் குருமாணவர்களும்தான் வாசகர்கள். வேலூர் மறைமாவட்டம் இன்றைய கணக்கில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பரந்து கிடக்கிறது. சேத்துப்பட்டிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் ஆள் வரும் நூலகம் என்றால் பணமும் அங்கிருந்தெல்லாம் வர வேண்டும்.

1. யார் பெயரில் வாங்கப் போகிறீர்கள்?

நூலகம் என்பது சட்டத்தின் கண்ணில் ஆள் இல்லை. பணம் வாங்க ஒரு சங்கமோ அறக்கட்டளையோ வேண்டும். உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, மறைமாவட்டத்தின் பதிவு பெற்ற சங்கத்தின் கீழேயே நூலகத்துக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு வைப்பது. புதிதாக எந்தப் பதிவும் வேண்டாம், பான் எண்ணும் தணிக்கையும் ஏற்கெனவே இருக்கும். குறை என்னவென்றால், ஒவ்வொரு செலவுக்கும் ஆயர் இல்லத்துப் பொருளாளர் அலுவலகம் வரை போய்வர வேண்டும். இரண்டாவது, நூலகத்தை நடத்தும் துறவற சபையின் சங்கம். மூன்றாவது, பொதுநிலையினர் சேர்ந்து புதிதாகப் பதிவு செய்வது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் என்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்குள் புரளும் நூலகத்துக்கு முதல் வழியே போதும். புதுச் சங்கம் தொடங்கினால் ஆண்டுதோறும் பொதுக்குழு, பதிவாளரிடம் கணக்குத் தாக்கல், தணிக்கை, வருமான வரி அறிக்கை என்று வேலை வந்துகொண்டே இருக்கும். தொடங்கும்போது இருக்கும் உற்சாகம் மூன்றாவது வருஷம் இருக்காது. பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் நிலுவை சேர்ந்துவிட்டால், அபராதத்தோடு அதைச் சரிசெய்வது தனித் தலைவலி.

2. வாய்மொழி அனுமதி அனுமதியே இல்லை

“ஃபாதர் சரின்னு சொல்லிட்டார்” என்று கிளம்பிவிடாதீர்கள். திருச்சபைச் சட்டம் 1265-ஆம் எண், தனியாள் யாரும் திருச்சபை நோக்கத்துக்காக நன்கொடை திரட்ட வேண்டுமானால் எழுத்தில் அனுமதி வேண்டும் என்கிறது. அதாவது, ஆயர் இல்லத்திலிருந்து எண்ணும் தேதியும் போட்ட கடிதம். அதில் இருக்க வேண்டியவை: எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு, எந்தத் தேதி வரை, எந்தெந்தப் பங்குகளில், யார் யார் திரட்டலாம், எந்த வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

விண்ணப்பத்தோடு பங்குத்தந்தையின் பரிந்துரை, பங்குப் பேரவைத் தீர்மான நகல், ஒரு பக்க வரவு செலவுத் திட்டம் இணைத்துக் கொடுங்கள். ஆயர் பங்குகளைப் பார்வையிடப் போயிருப்பார், கூட்டங்களுக்கு வெளியூர் போயிருப்பார். ஒரு மாதமாவது முன்கூட்டியே கொடுப்பது நல்லது. பக்கத்து மறைமாவட்டத்தில் கேட்கப் போகிறீர்கள் என்றால் அந்த ஆயரிடம் தனிக் கடிதம் வேண்டும். காட்பாடியில் ரயிலேறினால் இரண்டரை மணி நேரத்தில் சென்னை. உறவுக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான். ஆனால் அது சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம். நம் கடிதம் அங்கே செல்லாது.

3. 80ஜி பற்றி உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நன்கொடை கேட்டுப் போனால் இரண்டாவது கேள்வியே “80ஜி இருக்கா?” என்பதுதான். இதில்தான் மத நூலகங்கள் சறுக்குகின்றன.

வருமான வரிச் சட்டத்தின் 12ஏ பதிவு என்பது உங்கள் அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு. மத நோக்க அமைப்புக்கும் அது கிடைக்கும். அதே சட்டத்தின் 80ஜி என்பது உங்களுக்குத் தருகிறவருக்குக் கிடைக்கும் வரிச் சலுகை. குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் என்று நோக்கம் எழுதியிருந்தால் 80ஜி கிடையாது. கிடைத்த அமைப்பும் தன் ஆண்டு வருமானத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் மதக் காரியங்களுக்குச் செலவிடக்கூடாது. ஆகவே “கத்தோலிக்கர்களின் ஆன்மிக வளர்ச்சிக்காக” என்று சங்க விதியில் எழுதினால் 80ஜி கதவு அங்கேயே மூடிக்கொள்ளும். “கிறித்தவ இறையியல், தமிழியல், வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வுக்கும் கல்விக்கும், சாதி மத வேறுபாடின்றி அனைவருக்கும் திறந்த நூலகம்” என்று இருந்தால் வாதாட இடம் உண்டு.

எழுதினால் மட்டும் போதாது, அப்படியே நடத்தவும் வேண்டும். வருகைப் பதிவேட்டில் வாணியம்பாடியிலிருந்து வரும் தமிழ் முனைவர் பட்ட மாணவரின் பெயரும், வீரமாமுனிவரைப் பற்றிக் கட்டுரை எழுத வந்த கல்லூரி ஆசிரியையின் பெயரும் இருந்தால் அதுதான் ஆதாரம். உறுப்பினர் படிவத்தில் “பங்கு”, “ஞானஸ்நானத் தேதி” என்று கட்டம் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

நேரக் கணக்கு: புதிதாகத் தொடங்கும் அமைப்புக்கு மூன்று ஆண்டுக்குத் தற்காலிக அனுமதி விரைவில், ஏறக்குறைய ஒரு மாதத்தில் வந்துவிடும். ஏற்கெனவே இயங்கும் அமைப்பு என்றால் நேரே வழக்கமான வகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த காலாண்டு முடிந்து ஆறு மாதம் வரை துறை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் கேள்விகள் வரும். மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டால் நிராகரிப்புதான். விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் இல்லை, ஆடிட்டர் கட்டணம் உண்டு. முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. நான் பழகிய பழைய பெயர்களைச் சொல்கிறேன். விண்ணப்பிக்கும் நாளில் புது எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு உண்மை. இப்போது சம்பளக்காரர்களில் பலர் புதிய வரி முறையில்தான் இருக்கிறார்கள். அதில் 80ஜி கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும் பொதுவாகப் பாதித் தொகைக்குத்தான் கழிவு. அதுவும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. ஆகவே 80ஜி வரட்டும் என்று ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். பங்கு மக்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்துத் தருவதில்லை.

4. “நூலக வளர்ச்சிக்கு” என்று கேட்காதீர்கள்

வளர்ச்சி என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உதாரணத்துக்கு ஓர் ஆண்டுத் திட்டம்:

பகுதிநேர நூலகருக்கு மாதம் 6,000 வீதம் 72,000. புது நூல்கள் 45,000. பைண்டிங் 40,000. மின்சாரம், இணையம் 18,000. இதழ்ச் சந்தா 15,000. பூச்சி மருந்து, சில்லறைப் பழுது 10,000. மொத்தம் இரண்டு லட்சம்.

உங்கள் தொகை வேறாக இருக்கும். ஆனால் நூலகர் சம்பளத்தை முதல் வரியில் போடுங்கள். எல்லோரும் அலமாரிக்கும் புத்தகத்துக்கும் கேட்டுவிட்டு, திறந்து வைக்க ஆளில்லாமல் பூட்டி வைக்கிறார்கள். மென்பொருளுக்கு என்று பெரிய தொகை யாராவது எழுதித் தந்தால் அடித்துவிடுங்கள். கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசம், தமிழில் தேடவும் வரும்.

பைண்டிங் செலவை அலட்சியம் செய்யாதீர்கள். வேலூர் வெயிலில் பழைய தாள் முறுக்காகி, பக்கத்தைத் திருப்பினாலே ஓரம் உதிர்கிறது. சுவரோரம் இருந்த லத்தீன் திருப்பலிப் புத்தகம் ஒன்றைத் திறந்தபோது, ராமபாணப் பூச்சி எழுத்தை விட்டுவிட்டு ஒட்டியிருந்த பசையை மட்டும் சுத்தமாகத் தின்றிருந்தது. அட்டை கையோடு வந்துவிட்டது. அந்தப் புத்தகத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்கள் அரை மணி நேரம் பேசுவதைவிட அது நன்றாகப் பேசும்.

விலைப்பட்டியல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. புத்தகத்துக்கும் சேர்த்து வரி போட்டு வரும் பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள். அலமாரிக்கு உண்டு.

5. கணக்கு, க்யூஆர், ரசீது

வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். தேவையானவை: பதிவுச் சான்று, விதிமுறை நகல், பான், கணக்குத் தொடங்கத் தீர்மானம், கையெழுத்திடுவோரின் ஆதாரும் பானும் படமும். இரண்டு கையெழுத்துக் கட்டாயம் வையுங்கள். பங்குத்தந்தை மாறுதலாகிப் போனால் கையெழுத்து மாற்றப் புதுத் தீர்மானம் வேண்டும். மாறுதல் ஆணை வந்த வாரமே இதைச் செய்யாவிட்டால் கணக்கு முடங்கிக் கிடக்கும்.

யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் பணம் வாங்காதீர்கள். “இப்போதைக்கு என் நம்பர்ல போடுங்க, அப்புறம் மாத்திடறேன்” என்று நல்ல மனதோடு சொல்பவரைக்கூட தடுத்துவிடுங்கள். அவர் கணக்கில் விழுந்தது அவர் வருமானமா என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். சந்தேகம் வேறு கிளம்பும்.

ரசீதில் வரிசை எண், பெயர், முகவரி, தொகை, முறை, நோக்கம் எல்லாம் இருக்கட்டும். வரிச்சலுகை கேட்பவருக்கு பான் எண்ணும் வேண்டும். 80ஜி இருந்தால் காகித ரசீது மட்டும் போதாது. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வரித்துறைத் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து வரும் சான்றிதழைத் தர வேண்டும் என்பது நடைமுறை. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும்.

உண்டியல் வைக்கலாமா? பொதுத் தொண்டு அமைப்பாகப் பதிவான இடத்தில், பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் 30 சதவீத வரி. சில்லறைக்குப் பரவாயில்லை. பெருந்தொகையை உண்டியலில் போடச் சொல்லாதீர்கள்.

6. எப்போது கேட்பது

திருவழிபாட்டு நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். புனித வெள்ளிக் காணிக்கை புனித நாட்டுக்குப் போகிறது. ஜூன் கடைசியில் பேதுரு காணிக்கை. அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு. தவக்காலம் முழுக்க ஏழைகளுக்கான சேமிப்பு. இந்த ஞாயிறுகளில் போய் நின்றால் பங்குத்தந்தைக்கும் சங்கடம், உங்களுக்கும் வராது. ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம். பங்குத் திருவிழா மாதத்தில் ஏற்கெனவே திருவிழா வரி வசூல் நடக்கும்.

எஞ்சியவற்றில் பாஸ்கா முடிந்த வாரங்களும் நவம்பரும் நல்லவை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற குடும்பங்கள் அதிகம். அங்கே சம்பளம் வந்த பிறகு வரும் ஞாயிறுதான் சரி. மாதக் கடைசியில் கேட்டால் தர மனமிருந்தும் தர முடியாமல் தலைகுனிவார்கள். அந்த நிலையை நாம் உண்டாக்கக்கூடாது.

பூசை முடிந்து மேடையில் பேசுவதைவிட அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம், மேல். பதினைந்து வீடு, ஒருவர் வீட்டுத் திண்ணை, கையில் இரண்டு புத்தகம். மாதம் 150 ரூபாய் தரும் நூறு பேர் கிடைத்தால் ஆண்டுக்கு 1,80,000. மேலே போட்ட திட்டத்தில் ஏறக்குறைய முழுவதும் வந்துவிட்டது. ஒரு பெரிய மனிதரைத் தேடி அலைவதைவிட இது உறுதி. அவர் மனம் மாறினால் நூலகம் மூடும், நூறு பேரில் பத்துப் பேர் நின்றால் மூடாது.

ஒரு வேண்டுகோள்: சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வடகிழக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து தங்கியிருக்கும் கிறித்தவர்கள் ஞாயிறு பூசைக்கு வருவார்கள். அவர்களிடம் நோட்டை நீட்டாதீர்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவே மலை.

7. நினைவு நன்கொடை

எங்கள் அனுபவத்தில் இதுதான் நன்றாக நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இறந்தவர் நினைவாக ஒரு நூல் அல்லது ஒரு பழைய நூலின் பைண்டிங். உள்ளட்டையில் ஒரு சின்ன அச்சுத் தாள்: பெயர், ஊர், இறந்த தேதி, “இவர் நினைவாகக் குடும்பத்தினர்”. நவம்பர் 2 கல்லறைத் திருநாளை ஒட்டி அறிவித்தால், கல்லறைக்கு மெழுகுவத்தியும் பூவும் வாங்கும் கையோடு இதையும் தருவார்கள். தொகையை 500, 1,000, 2,500 என்று மூன்று படியாக வையுங்கள். 500 தந்தவர் தாளும் 2,500 தந்தவர் தாளும் ஒரே அளவில், ஒரே எழுத்தில் இருக்கட்டும்.

பெயரை நீங்கள் கேட்டு எழுதாதீர்கள். குடும்பத்தாரையே எழுதித் தரச் சொல்லுங்கள். சவரிமுத்துவா சவேரிமுத்துவா, ஞானஸ்நானப் பெயரா வீட்டுப் பெயரா என்பதெல்லாம் அவர்களுக்கு உயிர். அச்சடித்த பின் மாற்றினால் மனவருத்தம் மிஞ்சும். ஒட்டுவதற்குப் பசையை நூலகரிடம் கேட்டு வாங்குங்கள். கடைப் பசைக்குப் பூச்சி வரும். ஒட்டியபின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புங்கள். கணவர் பெயரைப் பார்க்கவென்றே குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பாட்டி, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தாளைத் தடவிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர். அடுத்த வருஷமும் 500 கொண்டுவந்தார்.

இதில் ஒரு கண்டிப்பு. இதைப் பூசைக் கருத்துக் காணிக்கையோடு கலக்கக்கூடாது. இரண்டுக்கும் தனி நோட்டு, தனி ரசீது. பூசை வேண்டுமென்றால் பங்கு அலுவலகத்தில் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

8. வெளிநாட்டுப் பணம்: இங்கே நிதானம்

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், எல்லோரும் சொல்வது எஃப்சிஆர்ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டாவது இயங்கி, அந்த மூன்று ஆண்டில் 15 லட்சமாவது தன் நோக்கத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டும். சிறு நூலகத்துக்கு இது எட்டாது. குறிப்பிட்ட ஒரு நன்கொடைக்கு முன் அனுமதி கேட்கலாம். அதற்குத் தருகிறவரின் உறுதிக் கடிதம், திட்ட அறிக்கை வேண்டும். பணம் முதலில் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும்.

சிக்கிக்கொள்ளும் இடங்கள்:

“எங்க சபைக்கு எஃப்சிஆர்ஏ இருக்கு, வாங்கி உங்களுக்கு மாத்தித் தர்றோம்” என்பார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு அந்தப் பணத்தை மாற்றவே கூடாது. அந்தச் சபை தன் சொந்த நூலகத்துக்குத் தானே செலவிடலாம், அவ்வளவுதான்.

துபாயில், குவைத்தில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தியக் குடிமக்கள். அவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆனால் கனடா குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர். அன்போடு மறுத்துவிடுங்கள். வாட்ஸப் குழுவில் க்யூஆர் போடும்போதே இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

ரோமிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்புகிறேன் என்றாலும் அதே சட்டம்தான். பொருளும் நன்கொடைக் கணக்கில் வரும். ஏசிஎன், மிசியோ போன்ற கத்தோலிக்க உதவி அமைப்புகளை அணுகுவதானால் ஆயரின் பரிந்துரையோடு, எஃப்சிஆர்ஏ உள்ள அமைப்பின் சொந்தத் திட்டமாகத்தான் போக வேண்டும்.

9. அரசு, கம்பெனி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி அரசுப் பொது நூலகங்களுக்கு, நமக்கு வராது. கொல்கத்தாவிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை தன்னார்வ அமைப்புகளின் நூலகங்களுக்கும் உதவுகிறது. ஆனால் அது பொது நூலகச் சேவையைப் பார்க்கும். கம்பெனிகளின் சிஎஸ்ஆர், அதாவது சமூகப் பொறுப்புச் செலவுப் பட்டியலில் பொது நூலகம் அமைப்பது உண்டு. ஆனால் பணம் வாங்கும் அமைப்புக்கு 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு மூன்றும் வேண்டும். மூன்றாம் பகுதியில் சொன்ன “அனைவருக்கும் திறந்த” என்ற சொல் இங்கே மறுபடியும் கேட்கப்படும். தோல் கம்பெனி முதலாளி நம் கோவிலுக்கு வருகிறவர் என்பதால் கிடைத்துவிடாது. அவர் சொந்தப் பணத்தைக் கேளுங்கள், அது சுலபம்.

10. நிலைநிதி

நூலகர் சம்பளத்தை வட்டியிலிருந்தே கொடுக்க வேண்டுமானால், 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 72,000-க்கு ஏறக்குறைய 11 லட்சம் வேண்டும். நான்கைந்து ஆண்டு வேலை. நிலைநிதிக்குத் தருகிறவர் “இது மூலதனமாக இருக்க வேண்டும்” என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நீங்களாக ரசீதில் எழுதிக்கொண்டால் செல்லாது. வங்கி வைப்பு, அஞ்சலக வைப்பு போன்ற சட்டம் அனுமதித்த இடத்தில்தான் போட வேண்டும். சீட்டு வேண்டாம், பங்கு மக்களுக்குக் கைமாற்று வேண்டாம். மாதம் எட்டு, பத்து சதவீதம் தருகிறோம் என்ற நிதி நிறுவனங்களை நம்பி வட ஆற்காடு பட்டது போதும்.

11. வேண்டாம் என்று சொல்லவும், கணக்குக் காட்டவும்

நிதி திரட்டத் தொடங்கியதும் பணத்துக்கு முன்னால் பழைய புத்தகம் வரும். பத்தாம் வகுப்பு நோட்ஸ், அரையும் குறையுமான நவநாள் புத்தகம், ஒரே ஜெபப் புத்தகத்தின் நாற்பது பிரதி. கரையான் பிடித்த ஒரு பெட்டி போதும், உங்கள் அலமாரி முழுக்கப் பரவ. இன்னின்ன துறை, இன்ன நிலையில் இருந்தால் மட்டும் எடுப்போம், வேண்டாததை எடுக்கமாட்டோம் என்று அச்சடித்துக் கதவில் ஒட்டுங்கள். மறைந்த குருவானவர்களின் சொந்தச் சேகரிப்பு வந்தால் மட்டும் விதியைத் தளர்த்திப் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். நல்ல சரக்கு அங்கேதான் இருக்கும்.

கணக்குக்கு வருவோம். ஒரு நோக்கத்துக்குத் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 1267-லேயே இருக்கிறது. பைண்டிங்குக்கு வந்த பணத்தில் மின்விசிறி வாங்கக்கூடாது. அவசரம் என்றால் தந்தவரைக் கேட்டு, அவர் சரி என்றதை எழுதி வாங்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஒரே தாளில் அச்சடித்துக் கோவில் அறிவிப்புப் பலகையில் போடுங்கள். மார்ச் 31-க்குக் கணக்கை முடித்து, ஏப்ரலிலேயே ரசீதுப் புத்தக அடிக்கட்டைகளையும் வங்கிப் பட்டியலையும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். செப்டம்பரில் போனால் ஊரிலுள்ள எல்லா அமைப்பும் அவர் வாசலில் நிற்கும். ஆயர் இல்லக் கடிதத்தில் போட்ட கடைசித் தேதி முடிவதற்குள் ஒரு நகல் அங்கேயும் போக வேண்டும். அது போய்ச் சேராமல் அடுத்த ஆண்டுக்கு அனுமதி கேட்டால் கிடைக்காது.